சட்டம் போட்ட படம்: நான்கு மரத்துண்டுகள் கண்ணுக்கு என்ன செய்கின்றன?

யாங்கூனில் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டு முடிவில், பிள்ளை வரைந்ததில் நல்லதாக ஒன்றை எடுத்து வீட்டில் மாட்டுங்கள் என்று பெற்றோரிடம் சொல்வேன். இரண்டு விதமான பதில் வரும். ஒருவர், "படம் நன்றாக இருந்தால் போதாதா டீச்சர், சட்டம் எதற்கு? அது வெறும் அலங்காரம்தானே" என்பார். இன்னொருவர், கடையில் இருப்பதிலேயே விலை கூடிய, பூவேலை செய்த தங்கநிறச் சட்டத்தைப் போட்டு எடுத்து வந்து, "இப்போதுதான் படத்துக்கு மதிப்பு வந்திருக்கிறது" என்பார்.

இருவரும் பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் இருவருமே சட்டத்தைச் சுவரில் தொங்கும் ஒரு சாமானாகவே நினைக்கிறார்கள். சட்டத்தின் முக்கால்வாசி வேலை நடப்பது பார்க்கிறவருடைய கண்ணுக்குள்ளே. அந்த வேலை என்ன, எப்படி நடக்கிறது என்பதை, ஓவியம் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன்.

## முதலில் சில சொற்கள்

நம் வீடுகளில் "படத்துக்குக் கண்ணாடி போடுவது" என்றுதான் சொல்வோம். கண்ணாடி, மரம், பின்னட்டை எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். இந்தக் கட்டுரையில் படத்தைச் சுற்றியுள்ள நான்கு மரத்துண்டுகளை மட்டும் சட்டம் என்கிறேன். படத்துக்கும் மரத்துக்கும் இடையில், நடுவில் ஜன்னல் போல வெட்டிய தடித்த அட்டை ஒன்றை வைப்பதுண்டு. கடைக்காரர்கள் அதை மவுண்ட் என்பார்கள். மரத்தின் உட்பக்கம் படத்தின் ஓரத்தைத் தாங்கப் பள்ளமாக இழைத்திருப்பது காடி. இந்த மூன்று சொற்கள் போதும்.

## சேலைக்கரையும் வயல்வரப்பும்

சட்டம் செய்வதைப் புரிந்துகொள்ள ஓவியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சேலையிலிருந்து தொடங்கலாம். கரை, துணியின் ஓரம் பிரியாமல் காக்கிறது. ஆனால் நாம் கரையைப் பார்த்துச் சேலை எடுப்பது அதற்காகவா? மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை இருந்தால் அந்த மஞ்சள் பளிச்சென்று எரிகிறது. அதே மஞ்சளுக்கு வெளிர்மஞ்சள் கரை வைத்தால் அடங்கிப் போகிறது. இரண்டிலும் மஞ்சள் நூல் ஒரே சாயத்தொட்டியில் இருந்து வந்ததுதான். கரைதான் மாறியது. நெசவு செய்கிறவர்களும் சேலை கட்டுகிறவர்களும் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள்.

இன்னொன்று வரப்பு. ஐராவதி டெல்டா பக்கம் பஸ்ஸில் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். அந்தப் பரப்பில் வரப்பு இல்லையென்றால் தண்ணீர் நிற்காது. படத்திலும் அப்படியே, சுற்றிலும் ஒரு வரம்பு இல்லையென்றால் பார்வை நிற்காது. நிக்கோலா பூசான் என்ற பிரெஞ்சு ஓவியர் 1639-இல் தன் ஓவியம் ஒன்றை வாங்கியவருக்கு எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். படத்துக்கு ஒரு சட்டம் போடுங்கள், அப்போதுதான் கண்ணின் ஒளி அங்கேயே தங்கும், பக்கத்தில் உள்ள பொருள்களின் உருவங்கள் கலந்து சிதறாது என்று கேட்டுக்கொண்டார். கண்ணிலிருந்து ஒளி புறப்படுகிறது என்ற பழைய நம்பிக்கை அந்தச் சொல்லில் இருக்கிறது. அந்த நம்பிக்கை பின்னால் விலகிவிட்டது. ஆனால் அவர் கவனித்த விஷயம் சரியானது.

நம் கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அந்த நகத்தின் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான இடம்தான் ஒரு நேரத்தில் துல்லியமாகத் தெரியும். மற்றவை மங்கல். அதனால் கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கிறது. எங்கே தாவுவது என்பதைப் பெரும்பாலும் விளிம்புகள் முடிவு செய்கின்றன. தெளிவான நான்கு விளிம்புகள் ஒரு படத்தைச் சூழ்ந்தால், மின்விசிறி சுவிட்சும் காலண்டர் ஆணியும் போட்டியிலிருந்து விலகுகின்றன.

## எங்கே வெட்டுவது?

சட்டம் செய்யும் முதல் காரியம் மிகக் கடுமையானது. இதுவரைதான் படம், இதற்கு மேல் இல்லை என்று வெட்டுகிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அப்பத்தாவின் புகைப்படம். அஞ்சலட்டை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஸ்டூடியோவில் தீட்டிய திரைக்கு முன்னால், வெள்ளைச் சேலையில், பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகில் ஒரு கையை ஊன்றி நிற்பார். பல ஆண்டுகளுக்கு முன் அதைக் கண்ணாடி போட ஒரு கடையில் கொடுத்தேன். அவர்களிடம் தயாராக இருந்த சட்டம் சற்றுச் சிறியது. என்னைக் கேட்காமல் படத்தின் இடது ஓரத்தைக் கத்தரித்து உள்ளே வைத்துவிட்டார்கள். போனது ஓர் அங்குலம்கூட இல்லை. ஆனால் அந்த ஓர் அங்குலத்தில்தான் நாற்காலி இருந்தது. அப்பத்தாவின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. ஊன்றி நின்ற பெண்மணி, எதையோ பிடிக்கத் தடுமாறுகிறவராக மாறிவிட்டார். முகம் அதே முகம், பார்வை அதே பார்வை. படத்தின் பொருள் மட்டும் வேறாகிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பழைய காலண்டரின் பின்னட்டையை எடுத்து ட வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். இரண்டையும் எதிரெதிராக வைத்தால் நடுவில் ஒரு செவ்வகத் திறப்பு கிடைக்கும். நகர்த்தினால் அது பெரிதாகும், சிறிதாகும், நீளும், குறுகும். இதை ஏதாவது குடும்பப் படத்தின் மேல் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். ஓர் ஓரத்தில் வெறும் சுவரைக் கொஞ்சம் அதிகம் விட்டால் அந்த மனிதர் தனிமையாகத் தெரிவார். நெருக்கி வெட்டினால் முகம் நம்மோடு பேச வரும். என் வகுப்பில் பிள்ளைகளுக்கு வண்ணம் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டு அட்டைகளைத்தான் கொடுக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால், சட்டம் பார்வையைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்து நிறுத்துகிறது. எங்கே நிறுத்துகிறது என்பதைப் பொறுத்துப் படத்தின் பொருளே மாறுகிறது. அடுத்தது, இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாத வேலை.

## லட்டு தின்ற வாயும் வெள்ளை அட்டையும்

லட்டு தின்றுவிட்டுத் தேநீர் குடித்தால் சர்க்கரையே போடாதது போல இருக்கும். தேநீரில் சர்க்கரை குறையவில்லை. நாக்கு அளவைச் சொல்வதில்லை, முன்பு சுவைத்ததற்கும் இப்போது சுவைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறது. கண்ணும் அப்படித்தான். ஓரிடத்தில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அது அளந்து சொல்வதில்லை. பக்கத்து இடத்தை விடக் கூடுதலா குறைவா என்றே சொல்கிறது. கண்ணின் உட்திரையில் உள்ள உயிரணுக்கள், தம்மேல் அதிக வெளிச்சம் படும்போது பக்கத்து உயிரணுக்களின் குரலைக் கொஞ்சம் அடக்கிவிடுகின்றன. அதனால்தான் ஒரே சாம்பல்நிறம், கறுப்புக்கு நடுவில் வெளுத்தும் வெள்ளைக்கு நடுவில் கறுத்தும் தெரிகிறது. பக்கத்து நிறத்தால் ஒரு நிறம் மாறித் தெரியும் இந்த இயல்பைப் பக்கநிற விளைவு என்று வைத்துக்கொள்வோம்.

இதை முறையாக ஆராய்ந்து எழுதியவர் மிஷெல் யூஜேன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். பாரிஸில் கோப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவின் பொறுப்பில் இருந்தார். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலமும் ஊதாவும் நெய்யும் இடத்தில் கறுப்பு வெளிறிப் போகிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நீலம்தான் கறுப்பைக் கெடுத்தது. 1839-இல் இதையெல்லாம் பெரிய நூலாக வெளியிட்டார். படங்களுக்கு எந்த நிறச் சட்டம் பொருந்தும் என்பதையும் அதிலே பேசினார். சாயத்தொட்டியில் தொடங்கிய ஒரு புகார் படச்சட்டம் வரைக்கும் வந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சேலைக்கரை விஷயத்தில் நம் பாட்டிமார் கண்டதும் அதுதானே.

இனி அப்பத்தா படத்துக்கு வருகிறேன். நல்ல வேளையாக மௌலமைனில் இருக்கும் அத்தையிடம் அதே படத்தின் இன்னொரு பிரதி, கத்தரிபடாமல், துணிப்பெட்டிக்குள் இருந்தது. ஆனால் காலத்தால் மஞ்சள் ஏறியிருந்தது. அதை வாங்கி வந்து, தெரிந்த ஒரு பாயிடம் கொடுத்தேன். நாற்பது ஆண்டுகளாகச் சட்டம் போடுகிறவர். நான், நல்ல வெள்ளை மவுண்ட் போடுங்கள் பாய், படம் சுத்தமாகத் தெரியட்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவரில் மாட்டியிருந்த மூலைத்துண்டுகளில் இரண்டை எடுத்தார். ஒன்று பால்வெள்ளை. மற்றது ஓலைச்சுவடி நிறத்தில், கொஞ்சம் பழுப்பு ஏறியது. முதலில் வெள்ளையைப் படத்தின் மூலையில் வைத்தார். அப்பத்தாவின் சேலை அழுக்குத் துணி போல மஞ்சளாகிவிட்டது. அதை எடுத்துவிட்டுப் பழுப்பை வைத்தார். அந்தக் கணமே சேலை வெளுத்தது. முந்தானையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மறுபடி வெள்ளை, மறுபடி பழுப்பு. மூன்று முறை மாற்றி மாற்றி வைத்துக் காட்டிவிட்டுச் சொன்னார்:

"சேலை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்றால் அட்டையை வெள்ளையாக வைக்காதீர்கள், டீச்சர்."

ஷெவ்ரல் நூல் முழுவதையும் படித்தாலும் இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லிவிட முடியாது. படத்தில் மிக வெளுப்பான இடம் எதுவோ, அதைவிட மவுண்ட் வெளுப்பாக இருக்கக் கூடாது. பழைய புகைப்படம், பழைய தாளில் அச்சான சாமி படம், தேநீர்க் கறை ஏறிய கடிதம் எதுவானாலும் இது பொருந்தும். புத்தம் புதிய வெள்ளையைப் பக்கத்தில் வைத்தால் பழையது தோற்றுப் போகும்.

வண்ணத்துக்கும் இதே கதைதான். தங்கநிறச் சட்டம் எல்லாப் படத்துக்கும் பொருந்தும் என்று நினைக்கிறோம். அது வந்த வழியைப் பார்த்தால் காரணம் விளங்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் படம் பார்த்த காலத்தில், தங்க ரேக்கு ஒட்டிய சட்டம் அந்தச் சிறு வெளிச்சத்தை வாங்கிச் சுற்றிலும் மினுக்கியது. இருண்ட அறையில் அது பெரிய உதவி. மின்விளக்கின் கீழ் அந்த உதவி தேவையில்லை, தங்கத்தின் மஞ்சள் மட்டும் மிஞ்சுகிறது. 1870-களில் பாரிஸில் பிஸ்ஸாரோ, டெகா போன்ற ஓவியர்கள் தங்கச் சட்டத்தை விட்டுவிட்டு வெள்ளைச் சட்டத்துக்கும் வண்ணம் பூசிய சட்டத்துக்கும் மாறினார்கள். தாம் பார்த்துப் பார்த்துப் பூசிய வெளிர்நீலத்தையும் இளம்பச்சையையும் தங்கத்தின் மஞ்சள் மாற்றிவிடுகிறது என்பதே அவர்களுடைய வருத்தம். வாங்குகிறவர்களுக்கோ தங்கம்தான் பிடித்தது.

தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கு படத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலும் தங்கச் சட்டம் போட்டால் இரண்டு தங்கமும் மோதிக்கொள்ளும், கண்ணனின் ஆரம் மங்கிவிடும். கறுத்த தேக்குச் சட்டம் போட்டால் உள்ளே உள்ள பொன் தனியாக ஒளிரும். செட்டிநாட்டு வீடுகளுக்குத் தூணாகவும் கதவாகவும் கப்பலேறிப் போன நம் பர்மா தேக்கு இதற்கு மிக நல்ல மரம் என்பது என் துணிந்த முடிவு.

சுருக்கமாக, கண் வித்தியாசத்தையே அளப்பதால், படத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிறம் படத்தின் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது. விலையும் வேலைப்பாடும் அதற்குப் பிறகுதான்.

## தட்டையான தாளில் ஆழம் வருவது

உள்ளங்கையைக் குழல் போலச் சுருட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மலையும் ஆறும் உள்ள ஒரு படத்தைக் குழல் வழியே பாருங்கள். படத்தின் ஓரம் தெரியாதபடி பார்க்க வேண்டும். சில நொடிகளில் மலை பின்னுக்குப் போகும், ஆறு முன்னுக்கு வரும். கையை எடுத்ததும் அது மறுபடி தட்டைத் தாள்.

காரணம் இதுதான். படத்தைப் பார்க்கும்போது மூளைக்கு இரண்டு செய்திகள் போகின்றன. வரைந்த கோடும் நிழலும் "இங்கே ஆழம் இருக்கிறது" என்கின்றன. இரண்டு கண்களும் சேர்ந்து, தாளின் ஓரத்தையும் அது சுவரில் ஒட்டியிருப்பதையும் பார்த்து "இல்லை, இது தட்டை" என்கின்றன. குழல் அந்த இரண்டாவது சாட்சியின் வாயை அடைத்துவிடுகிறது. சட்டமும் கொஞ்சம் அதையே செய்கிறது. படத்தின் ஓரம் காடிக்குள் மறைந்துவிடுவதால் தாள் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. மரத்துக்குப் பின்னாலும் படம் தொடர்வதாக மூளை எடுத்துக்கொள்கிறது. ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கும்போது, ஜன்னலோடு தெரு முடிந்துவிட்டதாக நாம் நினைப்பதில்லை அல்லவா? லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி என்ற இத்தாலிய அறிஞர் 1435-இல் ஓவியம் பற்றி எழுதும்போது, வரையத் தொடங்குமுன் ஒரு செவ்வகம் போட்டு அதைத் திறந்த ஜன்னலாக எண்ணிக்கொள்வதாகச் சொன்னது இந்த அனுபவத்தைத்தான்.

மரத்தின் சரிவும் இதில் சேரும். வெளிவிளிம்பு உயர்ந்து படத்தை நோக்கிச் சரியும் சட்டம், பார்வையை உள்ளே இறக்கிவிடுகிறது. நிலக்காட்சிக்கு நல்லது. படத்தை ஒட்டிய பக்கம் உயர்ந்து சுவரை நோக்கிச் சரியும் சட்டம், படத்தை நம் பக்கம் தள்ளிக் கொடுக்கிறது. முகப்படங்களுக்கு அதுவே பொருந்துகிறது.

## மண்டபம், கதவு, விளக்கு

மேலே சொன்ன எல்லாவற்றையும் நம் கோயில் வெகுகாலமாகச் செய்துவருகிறது. யாங்கூன் அனவ்ரத்தா சாலையில் தமிழர்கள் 1871-இல் கட்டிய காளியம்மன் கோயிலுக்குள் போய் நின்று பாருங்கள். வெயிலிலிருந்து மண்டபத்துக்கு வருகிறோம், வெளிச்சம் குறைகிறது. முன்னே வாசல்நிலை, அதற்கும் உள்ளே சன்னதி. வெளிச்சம் குறையக் குறையத் தீபச்சுடரில் அம்மன் முகம் கூடுதலாக ஒளிர்கிறது. பக்கநிற விளைவு அங்கே வேலை செய்கிறது. நிலை கண்ணை உள்ளே இழுக்கிறது. பிறகு திருவாசி. விக்கிரகத்தைச் சூழ்ந்த அந்த வளைவு, தெய்வத்தைச் சுவரிலிருந்து பிரித்து நிறுத்துகிறது. நடராசர் திருமேனியிலிருந்து திருவாசியைக் கழற்றி வைத்து நினைத்துப் பாருங்கள், ஆட்டம் எங்கோ கரைந்துவிடும்.

பர்மாவின் பழைய தலைநகரான பகானில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்து, அதாவது இன்றைய கேரளத்து, மகோதையர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், அங்கிருந்த நானாதேசி விண்ணகரம் என்ற திருமால் கோயிலுக்கு என்னென்ன கொடுத்தார் என்று அது சொல்கிறது. ஒரு மண்டபம், ஒரு கதவு, எரிவதற்கு ஒரு விளக்கு. ஓவியச் சட்டம் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கல்வெட்டுச் செய்தியை மறுபடி வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. கடல் கடந்து வந்த ஒருவர், தெய்வத்தைக் கண் நிறையப் பார்ப்பதற்கு எதெது வேண்டுமோ அந்த மூன்றையும் கொடுத்திருக்கிறார்.

பர்மிய அரசர்களும் இதை அறிந்திருந்தார்கள். யாங்கூன் பியே சாலையில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் மாண்டலே அரண்மனையின் சிங்க அரியணை இருக்கிறது. ஆங்கிலேயர் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய், 1948-இல் திரும்பி வந்தது. அதை நாற்காலி என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது பொன்வேலை செய்த பெரிய வாசல். அரசர் பின்பக்கத்துக் கதவு வழியாக வந்து அந்த வாசலில் அமர்வார். கீழே இருப்பவர்களுக்கு, சட்டத்துக்குள் தோன்றும் உருவம் அவர்.

## சட்டம் இல்லாத படங்கள்

அப்படியானால் சட்டம் இல்லாத படமே இல்லையா? இருக்கிறது. பரபைக் என்ற பர்மிய மடிப்புச்சுவடியை விரித்தால் காட்சிகள் நீளமாக ஓடும். மரச்சட்டம் எதுவும் குறுக்கே நின்று அவற்றை வெட்டுவதில்லை. ஆனால் ஒரு மரமோ கோட்டைச் சுவரோ ஆறோ நடுவில் வந்து, ஒரு காட்சி முடிந்து இன்னொன்று தொடங்குவதைச் சொல்லிவிடும். பகானில் மியின்கபா ஊரில் 1113-ஐ ஒட்டிக் கட்டிய குபியாவுக்ஜி கோயில் சுவரில், புத்தரின் முற்பிறவிக் கதைகள் சின்னச் சின்னக் கட்டங்களில் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் பழைய மோன் மொழியில் எழுத்து. உள்ளே இருட்டு. டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். அந்த வட்ட வெளிச்சமும் ஒரு சட்டமாகிவிடுகிறது, ஒரு நேரத்துக்கு ஒரு கதை.

20-ஆம் நூற்றாண்டில் மொந்திரியான் என்ற டச்சு ஓவியர் போன்றவர்கள் வேண்டுமென்றே சட்டத்தை நீக்கினார்கள். ஜன்னல் போன்ற ஆழம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. படம் சுவரிலிருந்து முன்னால் வந்து ஒரு பொருளாக நிற்க வேண்டும் என்று விரும்பினார்கள். அப்படிப்பட்ட படத்தைச் சுற்றிலும் வெறும் வெள்ளைச் சுவரை அருங்காட்சியகங்கள் நிறைய விட்டுவைக்கின்றன. அந்தச் சுவர்தான் அங்கே மவுண்ட்.

## "இதை நின்று பார்"

கடைசி வேலை கண்ணைத் தாண்டி மனத்தில் நடக்கிறது. சட்டம் போட்ட பொருளின் முன்னால் நாம் நின்றுவிடுகிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 1990-இல் 13 படைப்புகள் திருடுபோயின. படங்கள் இருந்த இடத்தில் வெறும் சட்டங்களை இன்றும் மாட்டி வைத்திருக்கிறார்கள். மக்கள் அவற்றின் முன் நிற்கிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தும், பார்க்கச் சொல்லும் சொல்லை அந்த மரம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சில சட்டங்களில் ஓவியரே பேசுகிறார். லண்டன் நேஷனல் கேலரியில் யான் வான் ஐக் வரைந்த, சிவப்புத் தலைப்பாகை கட்டிய மனிதரின் படம் இருக்கிறது. அதன் சட்டம் அசல். செதுக்கியது போலத் தோன்றும்படி அதில் எழுத்துகளைத் தீட்டியிருக்கிறார். மேலே, "என்னால் இயன்றவாறு" என்ற பொருளில் ஒரு சொற்றொடர். கீழே, தன் பெயரும் 1433 அக்டோபர் 21 என்ற நாளும். கைப்பேசியில் நமக்கு வரும் பிரதிகளில் பெரும்பாலும் அந்தச் சட்டத்தை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் அனுப்புகிறார்கள். ஓவியர் நம்மிடம் சொன்ன பணிவான சொல் அதோடு போய்விடுகிறது. இதை அப்பத்தாவின் கையை வெட்டியதற்குச் சமமாகவே நான் நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சட்டத்தால் மோசமான படம் நல்லதாகிவிடாது. படத்தில் இருப்பதைக் கேட்கச் செய்யவோ கேட்காமல் அடக்கவோதான் அதனால் முடியும்.

## கண்ணாடி, சாய்வு, மழை

நம் ஊருக்கே உரிய சில விஷயங்கள் இருக்கின்றன. சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் பக்கத்துக்கு 4 விழுக்காடு வீதம், இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. எதிரில் ஜன்னல் இருந்தால் படத்துக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும். நம் பழைய வீடுகளில் வாசலுக்கு மேலே, கயிறு கட்டி, மேல்பக்கம் முன்னால் சாய்ந்திருக்கும்படி படங்களை மாட்டியிருப்பார்கள். அதை வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன். சாய்த்து மாட்டினால் ஜன்னல் வெளிச்சம் தரையை நோக்கித் திரும்பிவிடுகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்குப் படம் நேராகவும் தெரிகிறது. யார் கண்டுபிடித்தார்களோ, மிக நல்ல யோசனை.

மழை இன்னும் முக்கியம். யாங்கூனில் மே முதல் அக்டோபர் வரை காற்றே ஈரம். கண்ணாடியில் நேரடியாகப் பட்டிருக்கும் தாள் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும். மவுண்ட் அட்டை படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கொஞ்சம் காற்றுக்கு இடம் விடுகிறது. ஆகவே அது அலங்காரம் மட்டும் அல்ல. பின்னால் செய்தித்தாள் வைத்து அடைக்க விடாதீர்கள். அதில் உள்ள அமிலம் படத்துக்கு ஏறிப் பழுப்பாக்கும். அமிலம் இல்லாத அட்டை கொஞ்சம் விலை கூடுதல், கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, படத்தைக் கத்தரிக்கக் கூடாது என்று கடையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சட்டத்தைப் படத்துக்காக அறுக்க வேண்டும்.

பாய் போட்டுக் கொடுத்த அப்பத்தா படம் எங்கள் வீட்டில் சமையலறை வாசலுக்கு மேலே சாய்ந்து தொங்குகிறது. இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பு மவுண்ட், அதைச் சுற்றிப் பழைய கட்டில் காலிலிருந்து அறுத்த தேக்கு. இந்த அக்டோபரில் மழை விட்டதும் இறக்கி, பின்னட்டையின் ஆணிகளை மெதுவாக நெம்பி உள்ளே பார்த்தேன். தாள் எங்கும் ஒட்டவில்லை. இடது ஓரத்தில் நாற்காலி முழுதாக இருந்தது, அதன் முதுகில் அவருடைய ஐந்து விரல்களும் இருந்தன.